பத்திரத்தில் ஒரு விலை, பையில் ஒரு விலை

செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தில் இருக்கும் சிற்றூர் சீயமங்கலம். சரித்திரத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் இங்கே ஒரு பாறையைக் குடைந்து சிவன் கோயில் அமைத்தான். அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்பது அதன் பெயர். லளிதாங்குரன் என்ற தன் விருதுப் பெயரைச் சொல்லி, இந்தக் கோயிலை எடுப்பித்தவன் தானே என்று தூணிலேயே வெட்டி வைத்துவிட்டான். 1400 வருடம் கழித்தும் அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கல்லில் இருக்கிறதே!

சரி, அதே சீயமங்கலத்தில் இன்று ஒரு வீட்டு மனை என்ன விலை?

இந்தக் கேள்விக்குத்தான் நேரான பதில் கிடையாது. தரகரைக் கேட்டால் ஒரு விலை சொல்வார். பதிவுத்துறையின் இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பு என்று வேறொரு விலை இருக்கும். பத்திர எழுத்தரைக் கேட்டால், "பத்திரத்துல எவ்வளவு போடணும்?" என்று அவர் திருப்பிக் கேட்பார். ஒரே மனைக்கு மூன்று விலை! இது சீயமங்கலத்துக்கு மட்டும் உரிய அதிசயம் அல்ல. தமிழ்நாடு முழுக்க இதே கதைதான்.

விற்பனைப் பதிவேடுகளைப் பார்த்து வீடு, மனைகளின் மதிப்பைக் கணக்கிடுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அதற்கு வேண்டிய பதிவேடுகள் நம்மிடம் 150 வருடத்துக்கும் மேலாக இருக்கின்றன. இருந்தும் அவற்றை நம்பி ஒரு வீட்டுக்கு விலை சொல்ல முடியவில்லை. ஏன் என்று தெரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கல்வெட்டுக் காலம்

நிலம் விற்றதை நாலு பேர் பார்க்க எழுதி வைப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனை ஆவணங்கள் ஏராளம். விலையாவணம் என்றே அதற்குப் பெயர் இருந்தது. விற்றவர் யார், வாங்கியவர் யார், நிலத்தின் நான்கு எல்லைகள் எவை, பரப்பு எத்தனை வேலி அல்லது மா அல்லது குழி, விலை எத்தனை கழஞ்சு பொன் அல்லது காசு என்றெல்லாம் வரிசையாக வரும். இன்றைய கிரயப் பத்திரத்தில் "செக்குபந்தி விபரம்" என்று நான்கு எல்லைகளைச் சொல்கிறோமே, அதன் கொள்ளுத் தாத்தா கோயில் சுவரில் இருக்கிறது.

இந்தக் கல்வெட்டுகளை வைத்துத்தான் ஜப்பானிய வரலாற்று ஆசிரியர் நொபொரு கராஷிமா போன்றவர்கள் சோழர் காலத்தில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஆராய்ந்தார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கல்லில் ஏறியவை பெரும்பாலும் கோயிலோடும் ஊர்ச் சபையோடும் சம்பந்தப்பட்ட விற்பனைகள். சாதாரணக் குடியானவன் தன் வீட்டை என்ன விலைக்கு விற்றான் என்பது கல்லில் ஏறவில்லை.

ஒன்றாம் புத்தகம்

அது ஏறியது காகிதத்தில்தான். பிரிட்டிஷ் இந்தியாவில் 1864-ல் வந்த பதிவுச் சட்டத்தோடு இன்றைய பதிவு முறை தொடங்குகிறது. 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு நிலங்களைப் பதிவு செய்த பத்திரம் மூலமாகத்தான் விற்க முடியும் என்றது. இப்போது நடைமுறையில் இருப்பது 1908-ம் வருடத்துப் பதிவுச் சட்டம்.

அந்தச் சட்டப்படி அசையாச் சொத்து ஆவணங்கள் பதிவாகும் புத்தகத்துக்கு "1-ம் புத்தகம்" என்று பெயர். பழைய பத்திரங்களின் பின்பக்கத்தில் "1 புத்தகம், இத்தனையாவது வால்யூம், இத்தனையாவது பக்கம்" என்று எழுதியிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். இந்தப் புத்தகத்தின் சிறப்பு சட்டத்தின் 57-வது பிரிவில் இருக்கிறது. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம்! பக்கத்து வீட்டுக்காரர் என்ன விலைக்கு வாங்கினார் என்பது சட்டப்படி ரகசியம் அல்ல.

ஆனால் இந்தப் பதிவேடு விலையைத் தெரிந்துகொள்வதற்காக உண்டானது அல்ல. ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்பது, போலிப் பத்திரம் தயாரிப்பது, அடமானத்தை மறைப்பது ஆகியவற்றைத் தடுப்பதுதான் நோக்கம். விலை என்பது பத்திரத்தில் போகிற போக்கில் எழுதப்பட்ட ஒரு வரி.

அந்த ஒரு வரியின் மேல்தான் வரி விழுந்தது. 1899-ன் இந்திய முத்திரைச் சட்டப்படி, பத்திரத்தில் எழுதிய விலைக்கு ஏற்ப முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். உண்மையான விலையை எழுத வேண்டும் என்று 27-வது பிரிவு சொன்னது. மறைத்தால் தண்டனையும் உண்டு. ஆனால் சார்பதிவாளர் முன்னால் வந்த பத்திரத்தில் 500 ரூபாய் என்று எழுதியிருந்தால், "இது 2000 பெறுமே" என்று சொல்லி அதற்குத் தீர்வை கேட்க அவருக்கு அதிகாரம் கிடையாது. எழுதியதுதான் விலை. பொய்க்குப் பரிசு, உண்மைக்கு அபராதம். விளைவு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

1967: சந்தேகப்படும் அதிகாரம்

இங்கேதான் சென்னை மாநிலம் ஒரு முக்கியமான காரியம் செய்தது. 1967-ம் வருடத்து 24-வது சட்டத்தின் மூலம் முத்திரைச் சட்டத்தில் 47-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பத்திரத்தில் சொத்தின் சந்தை மதிப்பு சரியாகச் சொல்லப்படவில்லை என்று நம்பக் காரணம் இருந்தால், பதிவு அதிகாரி அதைக் கலெக்டருக்கு அனுப்பலாம். கலெக்டர் இரு தரப்பையும் விசாரித்து மதிப்பைத் தீர்மானிப்பார். குறைந்த தீர்வையை வாங்கியவர் கட்ட வேண்டும். பின்னாளில் இந்த வேலைக்கென்றே தனித்துணை ஆட்சியர்கள் (முத்திரை) வந்தார்கள்.

மதிப்பை எப்படித் தீர்மானிப்பது? 1968-ல் வந்த விதிகள் அதைச் சொல்கின்றன. விவசாய நிலம் என்றால் நஞ்சையா, புஞ்சையா, மானாவாரியா, தீர்வை எவ்வளவு, பக்கத்து நிலங்கள் என்ன விலை, விளைச்சல் என்ன, சாலையும் சந்தையும் எவ்வளவு தூரம், ஏரிப் பாசனமா கிணறா என்று பார்க்க வேண்டும். வீட்டு மனை என்றால் அந்த வட்டாரத்தின் பொதுவான மனை விலை, பஸ் போகும் சாலை, ரயில் நிலையம், கடைவீதி, பள்ளி, மருத்துவமனை எல்லாம் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். கட்டடம் என்றால் என்ன வகை, எத்தனை சதுர அடி, எந்த வருடம் கட்டியது, என்ன பொருளில் கட்டியது, தேய்மானம் எவ்வளவு, வாடகை எவ்வளவு வரும் என்று பார்க்க வேண்டும்.

படித்துப் பார்த்தால் நல்ல மதிப்பீட்டாளர் ஒருவர் இன்றும் செய்வது இதைத்தான் என்று தெரியும். காகிதத்தில் குறை சொல்ல முடியாத விதிகள்.

நடைமுறைதான் பிரச்னை. ஒரு சார்பதிவாளர் நாளுக்கு எத்தனையோ பத்திரம் பதிகிறார். ஒவ்வொரு மனைக்கும் போய்ப் பார்த்து, பஸ் ஸ்டாப்புக்குத் தூரம் அளந்து கொண்டிருக்க முடியுமா? முடியாது. அதனால் ஒரு குறுக்கு வழி வந்தது. ஊர்வாரியாக, தெருவாரியாக, சர்வே எண்வாரியாக ஒரு விலைப்பட்டியல். பத்திரத்தில் உள்ள விலை பட்டியலைத் தொட்டால் பதிவு. குறைந்தால் 47-ஏ. இந்தப் பட்டியல்தான் கைடுலைன் வேல்யூ என்று எல்லோரும் சொல்லும் வழிகாட்டி மதிப்பு.

கண்ணாடி தன்னையே பார்த்தால்?

இந்தப் பட்டியலுக்கான விலை எங்கிருந்து கிடைக்கும்? முக்கியமான ஆதாரம், அந்தப் பகுதியில் ஏற்கனவே பதிவான பத்திரங்கள். சரி, அந்தப் பத்திரங்களில் உள்ள விலை எங்கிருந்து வந்தது? வழிகாட்டி மதிப்பு எவ்வளவோ அதை அப்படியே எழுதியதில் இருந்து!

ஒரு தெருவில் சதுர அடிக்கு 500 ரூபாய் என்று பட்டியல் சொன்னால், அந்தத் தெருவின் பத்திரங்கள் பெரும்பாலும் 500-ஐ ஒட்டியே நிற்கும். உண்மையில் கை மாறியது 1500 ஆக இருக்கலாம். அடுத்த முறை பட்டியலைத் திருத்தும்போது பதிவேட்டைப் பார்த்தால், "ஆமாம், இந்தத் தெருவில் 500-தான் போகிறது" என்று அது சாட்சி சொல்லும். அரசு கேட்பது தன் குரலின் எதிரொலியைத்தான்.

பொய்யை அடக்குவதற்காக வந்த பட்டியல், எந்த அளவுக்குப் பொய் சொல்லலாம் என்று அளவு குறித்துக் கொடுத்துவிட்டது என்று சொன்னால் தவறில்லை. 1967-க்கு முன் ஆளுக்கொரு பொய் எழுதினார்கள். அதன் பிறகு எல்லோரும் ஒரே பொய்யை எழுத ஆரம்பித்தார்கள்.

அடுக்குமாடி வீடுகளில் இது இன்னும் விசேஷம். பிரிக்கப்படாத பாக மனையை மட்டும் கிரயமாகப் பதிந்து, கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் போடும் வழக்கம் பல வருடங்களாக இருந்தது. ஆகவே கிரயப் பத்திரத்தைத் தேடி எடுத்தாலும் ஃபிளாட்டின் விலை அதில் இருக்காது. மனையையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பு நிர்ணயிக்கும் முறையைத் தமிழ்நாடு 2023 டிசம்பரில்தான் கொண்டுவந்தது.

நீதிமன்றங்கள் சொன்னது

வழிகாட்டி மதிப்பும் சந்தை மதிப்பும் ஒன்றா? இந்தக் கேள்வி பல முறை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1994-ல் ஆந்திராவிலிருந்து ஒரு வழக்கு. அரசு கையகப்படுத்திய நிலத்துக்கு, பதிவு அலுவலகத்தின் அடிப்படை மதிப்புப் பதிவேட்டில் உள்ள விலைப்படி இழப்பீடு வேண்டும் என்று கேட்டார் நிலத்துக்குரியவர். அந்தப் பதிவேடு முத்திரைத் தீர்வை வசூலிக்க வைத்திருப்பது, அதை வைத்து இழப்பீட்டுக்கான சந்தை மதிப்பை முடிவு செய்ய முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003-ல் டான்சி நில வழக்கிலும் இதே கருத்து வந்தது. வழிகாட்டி மதிப்பு முதல் நோக்கில் ஒரு அடையாளம் மட்டுமே, முடிந்த முடிவு அல்ல என்றது தீர்ப்பு.

சட்டம் அப்படிச் சொன்னாலும், மற்ற சட்டங்கள் அந்தப் பட்டியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. 1961-ன் வருமான வரிச் சட்டத்தில் 2002-ல் 50-சி என்ற பிரிவு சேர்ந்தது. பத்திர விலை முத்திரை மதிப்பை விடக் குறைவாக இருந்தால், முத்திரை மதிப்புக்கே விற்றதாக வைத்துக்கொண்டு மூலதன ஆதாய வரி போடலாம் என்றது அது. வணிகவியல் மாணவர்களுக்கு இது பாடத்தில் வரும் பிரிவு. உண்மையிலேயே அவசரத்துக்குக் குறைந்த விலைக்கு விற்றவர், தன் கைக்கு வராத பணத்துக்கு வரி கட்ட வேண்டிய நிலை. இதனால் 2018-ல் 5 சதவீதமும் 2020-ல் 10 சதவீதமும் வித்தியாசத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

ஏறி இறங்கிய பட்டியல்

பட்டியல் எப்போதும் சந்தைக்குக் கீழேதான் இருக்கும் என்று நினைத்தால் அதுவும் தவறு. 1.4.2012 முதல் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்புகள் பெரிய அளவில் உயர்ந்தன. அதன் பின் ரியல் எஸ்டேட் மந்தமானபோது பல இடங்களில் பட்டியல் விலை நிஜ விலையை விட மேலே போய்விட்டதாகப் புகார் எழுந்தது. 2017 ஜூன் 9 முதல் மாநிலம் முழுக்க ஒரே அடியாக 33 சதவீதம் குறைத்தார்கள். கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள்.

2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்ப வந்தது, பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் மதிப்பை உயர்த்திய சுற்றறிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மதிப்பைத் திருத்த 2010-ல் வந்த விதிகள் ஒரு முறையை வகுத்திருக்கின்றன, மக்களின் கருத்தைக் கேட்காமல் ஒரு சுற்றறிக்கையில் மாற்ற முடியாது என்பது சாரம். 2024-ல் டிவிஷன் பெஞ்சும் அதை உறுதி செய்தது. பிறகு முறைப்படி திருத்திய மதிப்புகள் 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்தன.

சென்னை அண்ணா நகர் மனையும் சீயமங்கலத்து நத்தம் மனையும் ஒரே நாளில், ஒரே 33 சதவீதம் எப்படிக் குறையும்? நிஜச் சந்தையில் அப்படி நடக்கவே நடக்காது. அது வரி விகிதத்தைச் சரிசெய்யும் வேலை. பெயர் மட்டும்தான் மதிப்பு.

ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க் கரையில்

பதிவேடு உண்மை பேசினால் என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு ஒரு உதாரணம் நெதர்லாந்தில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ஹெரன்கிராக்ட் என்று ஒரு கால்வாய். அதன் கரையில் உள்ள வீடுகளின் விற்பனை விவரங்கள் 17-ம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. பீட் ஐக்கோல்ட்ஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அவற்றை வைத்து 1628 முதல் 1973 வரையிலான வீட்டு விலைக் குறியீடு ஒன்றை உருவாக்கி 1997-ல் வெளியிட்டார். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், ஏறத்தாழ 350 வருடத்தில் வீடுகளின் மதிப்பு சுமார் இரண்டு மடங்குதான் ஆகியிருக்கிறது! "வீட்டு விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும்" என்று சொல்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டிய கணக்கு.

இதற்கு அவர் பயன்படுத்திய வழி மிக எளிமையானது. ஒரே வீடு இரண்டு தடவை விற்பனையானால், இரண்டு விலைக்கும் இடையே உள்ள வித்தியாசம் அந்தக் காலத்துச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். அமெரிக்காவில் புகழ்பெற்ற கேஸ்-ஷில்லர் குறியீடும் இந்த மறுவிற்பனை முறைதான். இங்கிலாந்தில் 1995 முதல் நடந்த வீட்டு விற்பனைகளின் விலைகளை நிலப் பதிவகம் எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறது.

நம்மிடம் இது இல்லையா? இருக்கிறது. வில்லங்கச் சான்று என்பது என்ன? ஒரே சொத்து எப்போது யாருக்கு, என்ன தொகைக்குக் கைமாறியது என்று வரிசையாகச் சொல்லும் காகிதம். மறுவிற்பனை முறைக்கு இதைவிட வசதியான ஆவணம் கிடையாது. தமிழ்நாட்டில் அதை இணையத்திலேயே பார்க்கலாம். அதில் "கைமாற்றுத் தொகை", "சந்தை மதிப்பு" என்று இரண்டு இடங்கள் வேறு! பெரும்பாலும் இரண்டிலும் ஒரே எண்தான் இருக்கும். வடிவம் சரி, உள்ளே இருக்கும் எண்தான் சரியில்லை. பதிவுத்துறைத் தரவுகளை வைத்து ரிசர்வ் வங்கி சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு வீட்டு விலைக் குறியீடு வெளியிடுகிறது. செஞ்சி, வந்தவாசி அளவு ஊர்களுக்கு அதுவும் கிடையாது.

யாருக்கு நஷ்டம்?

"வரி கொஞ்சம் குறையுது, அவ்வளவுதானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல்லாம் உதாரணத்துக்கான எண்கள்தான்.

1200 சதுர அடி மனை. நிஜ விலை சதுர அடி 1500 வீதம் 18 லட்சம். வழிகாட்டி மதிப்பு 500 வீதம் 6 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்று வைத்தால், 18 லட்சத்துக்கு 1,62,000 ரூபாய் கட்ட வேண்டும். 6 லட்சம் என்று எழுதினால் 54,000. மிச்சம் 1,08,000 ரூபாய். பத்திர எழுத்தர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் இதையே செய்யச் சொல்வார்கள்.

அந்தத் தெரு வழியாக ஒரு புறவழிச் சாலை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013-ன் நிலம் கையகப்படுத்தல் சட்டம் 26-வது பிரிவு என்ன சொல்கிறது? முத்திரைச் சட்டப்படியான மதிப்பு ஒன்று. அருகில் கடந்த மூன்று வருடங்களில் பதிவான ஒத்த வகை நிலங்களின் பத்திரங்களில், அதிக விலை காட்டிய பாதிப் பத்திரங்களின் சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. 1994-ல் "செல்லாது" என்று சொல்லப்பட்ட பட்டியல் இப்போது சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தெருவில் எல்லாப் பத்திரமும் 500-ல் நின்றால் இரண்டு வழியிலும் பதில் 6 லட்சம்தான். பெருக்கு எண்ணை 1 என்று வைத்து, நூறு சதவீத ஆறுதல் தொகையையும் சேர்த்தால் 12 லட்சம். எல்லோரும் நிஜ விலையை எழுதியிருந்தால் 36 லட்சம்! 1,08,000 மிச்சம் பிடிக்கப் போய் 24 லட்சம் போச்சு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

இன்னும் கொடுமை என்னவென்றால், இந்த நஷ்டம் பொய் எழுதியவருக்கு மட்டும் அல்ல. தாத்தா காலத்திலிருந்து அதே வீட்டில் இருப்பவர், எதையும் வாங்காதவர், விற்காதவர், ஒரு பொய்யும் எழுதாதவர், அவருக்கும் அக்கம்பக்கத்தார் எழுதிய விலைதான் கிடைக்கும். 2018-ல் சென்னை-சேலம் எட்டு வழிச்சாலைத் திட்டம் திருவண்ணாமலை மாவட்டம் வழியாகப் போவதாக அறிவிப்பு வந்தபோது விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். காசு மட்டும் காரணம் அல்ல, நிலத்தையே விட மனமில்லை. ஆனால் "சந்தை மதிப்புக்கு மேல் தருகிறோம்" என்று சொன்னபோது அதை நம்ப முடியாமல் போனதற்கு, எந்தச் சந்தை, எந்த மதிப்பு என்ற கேள்வியும் ஒரு காரணம்.

வங்கிக் கடனுக்குப் போனாலும் இதே தொல்லைதான். பத்திரத்தில் 6 லட்சம் என்றால் 18 லட்சத்துக்கு யார் கடன் தருவார்கள்? மீதியைக் கையில் ரொக்கமாக வைத்திருப்பவர்தான் வீடு வாங்க முடியும். மாதச் சம்பளக்காரர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

கடைசியாக...

தப்பு மக்கள் மேல் மட்டும்தானா? இல்லை. பத்துக்கு ஒன்று என்ற அளவில் தீர்வையும் கட்டணமும் இருக்கும்போது, உண்மை எழுதுபவன் ஏமாளி ஆகிறான். அரசுக்கு வருமானம் வேண்டும், அதனால் பட்டியலை உயர்த்துகிறது. மக்கள் பட்டியலைத் தொட்டு எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். தீர்வையைக் கணிசமாகக் குறைத்து, நிஜ விலையை எழுதுவதில் நஷ்டமில்லை என்ற நிலை வந்தால்தான் இந்தச் சுற்று முறியும்.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். சுற்றுலா வரும், விடுதி வரும், சாலை அகலமாகும், சுற்றுவட்டாரத்தில் மனை விலையும் நகரும் என்று பேச்சு கிளம்புவது இயற்கை. அப்போது விற்கப்போகிறவருக்கும் வாங்கப்போகிறவருக்கும் நியாயமான விலை எது என்று காட்ட வேண்டியது 1-ம் புத்தகம்தான். அதில் இருப்பது நாம் எழுதிக் கொடுத்ததுதான். வேறு எங்கிருந்து அதற்கு உண்மை தெரியும்?